வழுக்கும் கல்லில் ஆற்றின் நாடி பிடித்த ரூத் பாட்ரிக்!

ஆற்றில் இறங்கிக் குளித்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லில் காலை வைத்ததும் சர்ரென்று வழுக்கும். அந்தக் கல்லை எடுத்துத் தடவினால், விரலில் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்பு ஒட்டும். 'பாசி' என்று சொல்லி, கையை அலசிக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் நகரை ஒட்டி ஓடுகிறது கானஸ்டோகா ஆறு. 1948-ம் ஆண்டு அந்த ஆற்றிலும் அதில் வந்து கலக்கும் ஓடைகளிலும் ஒரு விஞ்ஞானிகள் குழு இறங்கியது. பாசி, பாக்டீரியா, புழு, பூச்சி, மீன் என்று ஒவ்வொன்றையும் அறிந்தவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் 40 வயதுப் பெண்மணி. பெயர், ரூத் பாட்ரிக். நாம் அலசி விட்டுவிடும் அந்த வழவழப்புதான் அவருடைய வாழ்நாள் படிப்பு.

அதற்குள் இருப்பவை டயாட்டம்கள். ஒரே ஒரு செல்லால் ஆன பாசி வகை. பெரும்பாலானவற்றை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. தலைமுடியின் கனம்கூட இருக்காது. ஆனால், மற்ற பாசிகளுக்கு இல்லாத ஒரு சொத்து இவற்றுக்கு உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை உறிஞ்சி, தங்களைச் சுற்றிக் கண்ணாடியால் ஓடு கட்டிக்கொள்கின்றன. குங்குமச் சிமிழும் அதன் மூடியும்போல, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு பாதிகள். அந்தக் கண்ணாடியில் வரிவரியாகத் துளைகள், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல ஒழுங்காக. இனத்துக்கு இனம் அந்தக் கோலம் மாறும். வரி எத்தனை, புள்ளி எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துத்தான் 'இது இன்ன டயாட்டம்' என்று அடையாளம் சொல்கிறார்கள்.

ஏதோ ஆற்றோரத்து அற்ப ஜீவன் என்று நினைத்துவிட வேண்டாம். கடலும் நன்னீரும் சேர்த்துக் கணக்கிட்டால், உலகில் நடக்கும் மொத்த ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டயாட்டம்களுடையது. ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்ய, நைட்ரோகிளிசரினை ஊறவைத்த மண்ணும் செத்துப்போன டயாட்டம்களின் ஓட்டுக் குவியல்தான். நீரில் மூழ்கி இறந்தாரா, இறந்த பிறகு உடல் நீரில் போடப்பட்டதா என்று சந்தேகம் வந்தால், எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் இருக்கிறதா என்று தடயவியல் மருத்துவர்கள் தேடுவதும் உண்டு.

பாட்டில் தண்ணீர் சொல்லாதது

ஆறு நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, எல்லோருக்கும் தோன்றும் வழி ஒன்று. பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று எண்கள் வந்துவிடும். அந்த எண்கள் பொய் சொல்லாது. ஆனால், அவை அந்த நிமிடத்துக்கு மட்டுமே உண்மை. ஒரு தொழிற்சாலை நள்ளிரவில் கழிவைத் திறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்குப் பாட்டிலோடு வருகிறவர் பிடிப்பது, கழிவு போன பிறகு வரும் தண்ணீரை. அவர் கையில் இருக்கும் அறிக்கை, 'எல்லாம் சரி' என்றுதான் சொல்லும்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இது சட்டென்று புரியும். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டு, வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையில் தப்பித்துவிடலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'ஹெச்பிஏ1சி' பரிசோதனையிடம் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. ஆற்றுக்கு அப்படியொரு சராசரிப் பரிசோதனைதான் கல்லில் இருக்கும் டயாட்டம். அது எங்கேயும் ஓடிப்போக முடியாது. போகும் தண்ணீர் எல்லாவற்றையும், நள்ளிரவில் வந்ததையும் சேர்த்து, அனுபவித்தே தீர வேண்டும். வேகமாகப் பெருகும் உயிர் என்பதால், சில வாரங்களில் நடந்தது அந்தக் கூட்டத்தில் பதிந்துவிடும். பிடிக்காதவை மறையும், தாங்குபவை பெருகும்.

சாக்கடை கலக்கும் இடத்தில் ஆக்சிஜன் குறைந்து, அம்மோனியாவும் பாஸ்பேட்டும் ஏறும். 'நிட்ஷியா பேலியா' என்ற டயாட்டமுக்கு அதில் கவலையே இல்லை. அங்கேதான் அது செழித்து வளரும். 'அக்னாந்திடியம் மினுடிசிமம்' ஆக்சிஜன் நிறைந்த, தெளிந்த நீரோட்டத்தில் பெருகும். அமிலத்தன்மை கூடிய தண்ணீரென்றால் 'யூனோஷியா' வகைகள் தலைகாட்டும். மண் அரித்து வந்து கல்லில் படியும் ஆற்றில், நகரத் தெரிந்த டயாட்டம்கள் மட்டும் வண்டலுக்கு மேலே ஊர்ந்து வந்து பிழைத்துக்கொள்ளும். ஒட்டிக்கொண்டு வாழ்பவை புதைந்துபோகும். உலோகக் கழிவு சேர்ந்த நீரில் சில டயாட்டம்களின் ஓடே கோணலாகிவிடும்.

சம்பளம் இல்லாத 12 ஆண்டுகள்

ரூத் பாட்ரிக் பிறந்தது 1907-ல், கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில். அப்பா ஃபிராங்க் பாட்ரிக் வக்கீல். ஆனால், தாவரவியல் படித்தவர். மனது முழுக்க நுண்ணோக்கியில்தான். ஞாயிற்றுக்கிழமையானால் மகள்களை அழைத்துக்கொண்டு காடு, ஓடை என்று கிளம்பிவிடுவார். கிடைத்ததையெல்லாம் கூடையில் போட்டு வந்து, வீட்டில் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துக் காட்டுவார். ரூத்துக்கு ஏழு வயதானபோது அவளுக்கென்றே ஒரு நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தார். விஞ்ஞானியாக வேண்டும் என்பது அவருக்கே நிறைவேறாத ஆசை. அதனால்தான், 1931-ல் பூச்சியியலாளர் சார்லஸ் ஹாட்ஜைத் திருமணம் செய்தபோதும், ஆய்வுகளில் 'பாட்ரிக்' என்ற பெயரையே வைத்துக்கொள்ளும்படி மகளிடம் கேட்டுக்கொண்டார். மகளும் கடைசிவரை அப்படியே செய்தார்.

டயாட்டம்களில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ரூத், 1933-ல் ஃபிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் அகாடமிக்கு வந்தார். அமெரிக்காவின் மிகச்சிறந்த டயாட்டம் தொகுப்பு அங்கேதான் இருந்தது. அடுத்த ஆண்டு பட்டமும் கிடைத்தது. சியாம், மலாய் நாட்டு டயாட்டம்களைப் பற்றிய ஆய்வு அது. பட்டம் வந்தாலும் சம்பளம் வரவில்லை. நுண்ணோக்கிப் பிரிவின் பொறுப்பு 1937-ல் அவரிடம் வந்தது. அப்போதும் சம்பளம் கிடையாது. பெண் என்பதால் உதட்டுச்சாயம் பூசி வரக் கூடாது என்றுகூடச் சொல்லப்பட்டதாம். 1945-ல்தான் அவர் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறியது. 12 ஆண்டுகள்!

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து நடந்ததுதான் கானஸ்டோகா ஆய்வு.

அந்த ஆற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பண்ணை நிலங்களின் வழியே வரும் ஓடைகள், நகரச் சாக்கடை கலக்கும் பகுதி, தொழிற்சாலைக் கழிவு விழும் பகுதி, எதுவும் கலக்காத மேல்பகுதி என்று எல்லா வகையும் ஒரே ஆற்றுப் படுகையில் கிடைத்தன. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, 'இந்த உயிரினம் இருந்தால் தண்ணீர் கெட்டது, இது இருந்தால் நல்லது' என்று பட்டியல் போட்டிருந்தார்கள். ரூத் அதோடு திருப்தி அடையவில்லை. கெட்ட தண்ணீரைத் தாங்கும் உயிர் நல்ல தண்ணீரிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழத்தான் செய்கிறது. அப்படியிருக்க, ஒரே ஒரு சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றித் தீர்ப்பு எழுதலாமா?

அவர் பார்த்தது கூட்டத்தை. ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆற்றில் நூறு குடும்பங்களிலிருந்து ஆளுக்கு இரண்டு மூன்று பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கெட்ட ஆற்றிலும் பந்தி நிறைந்திருக்கலாம். ஆனால், நான்கைந்து குடும்பங்களே எல்லா இலைகளையும் பிடித்திருக்கும். மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. எத்தனை வகை என்று எண்ண வேண்டும். அதுவும் டயாட்டமில் மட்டும் அல்ல, பூச்சி, மீன் உட்பட எல்லா வகுப்பிலும். அந்த அடிப்படையில் கானஸ்டோகாவின் ஒவ்வோர் இடத்தையும் ஆரோக்கியமானது, ஓரளவு ஆரோக்கியமானது, மாசுபட்டது, மிகவும் மாசுபட்டது என்று அவர் பிரித்தார். 1949-ல் ஆய்வறிக்கை வெளியானது. பல்லுயிர்ப் பெருக்கம் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது.

வெவ்வேறு இடங்களை ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஓரிடத்தில் கல், ஓரிடத்தில் சேறு, ஓரிடத்தில் மரக்கட்டை. எதில் வளர்ந்ததை எதோடு ஒப்பிடுவது? அதற்காகச் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ரூத் உருவாக்கியதுதான் 'டயாட்டோமீட்டர்'. பெயர்தான் பெரிது, பொருள் எளிமையானது. தண்ணீரில் மிதக்கும் ஒரு சட்டம், அதில் செருகிய கண்ணாடித் தகடுகள். இரண்டு வாரம் ஆற்றில் விட்டால், டயாட்டம்கள் வந்து அவற்றில் குடியேறும். எல்லா ஆற்றுக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடி, ஒரே அளவு காலம். 1954-ல் இந்த முறையை வெளியிட்டார்கள். ஒரு முழுமையான கணக்குக்கு ஆயிரக்கணக்கான டயாட்டம்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எண்ண வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், கண்ணும் கழுத்தும் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆலைக்காரர்களோடு ஒரே மேசையில்

ரூத் பாட்ரிக்கின் கதையில் சிலருக்கு உறுத்தக்கூடிய பகுதி இனிமேல்தான். அவர் தொழிற்சாலைகளை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. அவர்களிடமே போனார். தென் கரோலினாவில் சவானா ஆற்றங்கரையில், அணு ஆயுதங்களுக்கான புளூட்டோனியமும் டிரிட்டியமும் தயாரிக்கும் ஆலையை டூபாண்ட் நிறுவனம் அரசுக்காகக் கட்டிக்கொண்டிருந்தது. ஆலை இயங்கத் தொடங்குவதற்கு முன்பே, 1951-ல், அந்த ஆற்றில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று ரூத்தின் குழு கணக்கெடுத்தது. பிறகும் பல பத்தாண்டுகளுக்கு அகாடமியின் விஞ்ஞானிகள் அந்தக் கணக்கெடுப்பைத் தொடர்ந்தார்கள். 1975-ல் டூபாண்ட் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவர்தான்.

கழிவு விடுகிறவர் கொடுக்கும் காசில் கழிவைப் பற்றி ஆய்வு செய்வது சரியா? கேட்க வேண்டிய கேள்விதான். இன்றைக்கும் எல்லா ஊரிலும் கேட்கப்படும் கேள்வி. ஆனால், சவானாவில் நடந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலை வருவதற்கு முன்பு ஆறு எப்படி இருந்தது என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தது. பெரும்பாலான ஆறுகளுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. கெட்டுப்போன பிறகுதான் பாட்டிலோடு ஓடுகிறோம். 'இது எப்போதுமே இப்படித்தான் இருந்தது' என்று எதிர்த்தரப்பு சொன்னால், மறுக்க எதுவும் இருப்பதில்லை.

அமெரிக்காவின் 1972-ம் ஆண்டு தூய நீர்ச் சட்டம் உருவானபோதும் ரூத்தின் ஆலோசனை கேட்கப்பட்டது. ரீகன் ஆட்சியில், அமில மழையை ஆராய வெள்ளை மாளிகை அமைத்த விஞ்ஞானிகள் குழுவிலும் அவர் இருந்தார்.

அந்த அமில மழைச் சண்டையில் டயாட்டமே நேராகச் சாட்சிக் கூண்டில் ஏறியது. 1980-களில், தங்கள் ஏரிகளில் மீன்கள் சாவதற்கு பிரிட்டனின் நிலக்கரி மின்நிலையப் புகையும் காரணம் என்று நார்வேயும் ஸ்வீடனும் குற்றம் சாட்டின. பிரிட்டன் தரப்பிலோ, காடு வளர்ப்பு போன்ற வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. டயாட்டம் செத்தாலும் அதன் கண்ணாடி ஓடு மக்காது. ஆண்டுதோறும் ஏரியின் அடியில் அடுக்கடுக்காகப் படிந்துகொண்டே இருக்கும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ரிக் பேட்டர்பீயும் ரோஜர் ஃபிளவரும், ஸ்காட்லாந்தின் கேலோவே பகுதி ஏரிகளில் குழாய் இறக்கி அந்தச் சேற்றை எடுத்துப் பார்த்தார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமிலத்தை விரும்பாத டயாட்டம்கள் நிறைய இருந்தன. அதற்குப் பிறகு அவை குறைந்து, அமிலத்தைத் தாங்குபவை ஏறின. அங்கே மரங்களே நடப்படாத ஏரியிலும் அதே கதை. நூறு வருடக் கணக்கை அந்தச் சேறு பத்திரமாக வைத்திருந்தது.

புது டூத் பிரஷ் ஒன்று வேண்டும்

இன்று ஓடையில் டயாட்டம் எடுப்பதற்கு டயாட்டோமீட்டரைவிட அதிகம் பயன்படுவது, கடையில் கிடைக்கும் சாதாரண டூத் பிரஷ். தண்ணீர் ஓடும் இடத்தில், சில வாரங்களாக மூழ்கியே இருந்த கற்களாகப் பார்த்து ஐந்தாவது எடுக்க வேண்டும். ஒரு தட்டில் வைத்து மேல்பக்கத்தைத் துலக்கினால், பழுப்பு நீர் இறங்கும். அதுதான் மாதிரி. ஓர் இடத்தில் துலக்கிய பிரஷ்ஷை அப்படியே அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனால், அந்த ஊர் டயாட்டமும் கூடவே வந்து கணக்கைக் கெடுத்துவிடும். வெள்ளம் வந்து கற்களைப் புரட்டிப் போட்டிருந்தால், பாசி மறுபடி பிடிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் சூடாக்கினால், உயிர்ப்பொருள் எல்லாம் எரிந்துபோய்க் கண்ணாடி ஓடு மட்டும் மிஞ்சும். தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது அல்லவா? அதே சிக்கல் இங்கும் உண்டு. அதனால், ஒளியை அதிகம் வளைக்கும் ஒரு பிசினில் அந்த ஓடுகளைப் பதிக்கிறார்கள். பிறகு ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, வழக்கமாக 300, 400 ஓடுகள் எண்ணுவார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் மாசைத் தாங்கும் திறனுக்கு மதிப்பெண் உண்டு. எந்த இனம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு அதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஆற்றுக்கு ஒரு மதிப்பெண் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ம் ஆண்டில் கொண்டுவந்த நீர்ச் சட்டத்தின்படி, ஆறுகளின் நிலையை அங்கு வாழும் உயிரினங்களைக் கொண்டும் மதிப்பிட வேண்டும். கல்லில் ஒட்டும் பாசியும் அதில் அடக்கம்.

ரூத்தின் 'வகைகளை எண்ணு' முறையில் ஒரு குறை தெரிந்ததால்தான் இந்த மதிப்பெண் முறை மேலோங்கியது. மலை உச்சியில் பிறக்கும் மிகத் தூய ஓடையில் சத்தே குறைவு. அங்கும் வகைகள் குறைவாகவே இருக்கலாம். கொஞ்சம் உரம் கலந்தால் வகைகள் கூடவும் கூடும். எண்ணிக்கை மட்டும் போதாது, யார் யார் என்றும் பார்க்க வேண்டியிருந்தது. ஆக, ஜெர்மானியர்களின் பழைய பட்டியலும் ரூத்தின் பந்திக் கணக்கும் ஒன்றையொன்று தேடி வந்தன என்று சொல்லலாம்.

நம் ஊரிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பவானி பகுதியில் காவிரியின் டயாட்டம்களை எடுத்து, நகரக் கழிவின் பாதிப்பை சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். புனேயில் உள்ள அகார்கர் ஆராய்ச்சி நிறுவனம், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் டயாட்டம்களைத் தேடித் தேடிப் பதிவு செய்கிறது. அது வெறும் பெயர் சூட்டு விழா அல்ல. ஐரோப்பாவில் போட்ட மதிப்பெண் பட்டியலை அப்படியே இங்கே எடுத்துவந்து பயன்படுத்துவதில் ஆபத்து உண்டு. அங்கே இல்லாத இனங்கள் நம் மலைகளில் வாழ்கின்றன. அவற்றுக்கு அந்தப் பட்டியலில் மதிப்பெண்ணே இருக்காது. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஐரோப்பியப் பெயரை வைத்துவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இந்திய நன்னீர் டயாட்டம்களைப் பொறுமையாக வரைந்து பெயரிட்ட முன்னோடி ஹெச்.பி.காந்தி. அவர் விட்டுப்போன படங்களையும் குறிப்புகளையும் இன்றைய ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் புரட்டுவது அதனால்தான்.

கல்லைத் துலக்க அரை மணி நேரம் போதும். ஓடுகளை அடையாளம் காணப் பழகுவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பயிற்சி உள்ளவர்கள் எங்கேயும் குறைவு. இப்போது பழுப்பு நீரிலிருந்து நேரடியாக டி.என்.ஏ. எடுத்து இனங்களைக் கண்டறியும் முறையும் வந்துவிட்டது. அதற்கும், 'இந்த டி.என்.ஏ. இந்த டயாட்டமுடையது' என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல முதலில் ஒருவர் வேண்டும்.

ரூத் பாட்ரிக்குக்கு 1996-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. 2013 செப்டம்பரில், 105-வது வயதில் காலமானார். ஃபிலடெல்ஃபியா அகாடமியின் டயாட்டம் காப்பகத்தில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. பழைய ஆறு ஒன்றைப் பற்றிக் கேள்வி வந்தால், அந்தக் காலத்துத் தகடு இருந்தால் எடுத்து, மறுபடி நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கலாம். 1933-ல் அவர் சம்பளம் இல்லாமல் வந்து உட்கார்ந்தது, அப்போது அங்கிருந்த தகடுகளைப் பார்க்கத்தான்.